தயிர் புகாத அடுக்களை

உறைமோர் கேட்டு வருகிறவளை வெறுங்கையோடு அனுப்பும் வீடு எங்கள் தெருவில் இல்லை. சீனியும் தேயிலையும் கடன் கேட்டால் ஒருகணம் யோசிக்கிறவர்கள்கூட, உறைமோர் என்றதும் கேட்டவள் கிண்ணத்தில் இரண்டு கரண்டி ஊற்றிவிடுவார்கள். அதைத் திருப்பித் தரவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. நேற்றைய தயிரில் மிஞ்சிய ஒரு துளி இன்றைய பாலைத் தயிராக்கும். இன்றைய துளி நாளைய பாலை. இப்படி நாள் தவறாமல் ஓடிவந்த ஒரு சரடு எங்கள் வீட்டில் ஆறாண்டுகளுக்கு முன் அறுந்தது. அறுத்தவள் என் மனைவி. தயிர்ப்பானையைக் கழுவிக் கவிழ்த்து, உள்ளறைப் பரணில் தன் கையாலேயே ஏற்றிவைத்தாள்.

காரணம் எங்கள் பேரன். மகளின் மூத்த பிள்ளை. எட்டாம் மாதத்தில், குழந்தைக்குச் சோறு பழக்கும் நாளில், குழையப் பிசைந்த தயிர்ச்சோறு ஒரு விரல்நுனி அளவு வாயில் வைக்கப்பட்டது. சிறிது நேரத்திற்குள் உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு இரைக்கத் தொடங்கிற்று. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே பிள்ளையின் முகத்தில் உயிர்க்களை திரும்பியது. அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை எவரும் விரிவாகப் பேசியதில்லை.

பாலிலுள்ள புரதம் அவன் உடலுக்குப் பகை என்று மருத்துவர் விளக்கினார். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். ஏனெனில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் ஏராளம். பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உண்டு. அதைச் செரிக்கும் நொதி குறைந்தவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், பொருமும், கழியும். அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. தயிராகும்போது நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாமே உண்டு புளிப்பமிலமாக மாற்றிவிடுகின்றன என்பதே காரணம். எங்கள் பேரனுடையதோ ஒவ்வாமை. கேசின் முதலான பால்புரதங்களே அவனுக்கு எதிரி. பால் தயிரானாலும் மோரானாலும் அப்புரதம் போய்விடுவதில்லை. ஆட்டுப்பாலின் புரதமும் மாட்டுப்பாலின் புரதத்தை ஒத்தது. ஆகவே அதுவும் ஆகாது. நெய்யை எவ்வளவு தெளியக் காய்ச்சினாலும் புரதத்தின் சுவடு தங்கக்கூடும் என்று சொல்லி அதையும் விலக்கச் சொன்னார் மருத்துவர். இத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு வளர வளர ஒவ்வாமை நீங்கிவிடுவதுண்டு என்றும் ஆறுதல் கூறினார். அந்த ஆறுதலை நம்பிக் காத்திருக்கிறோம். காத்திருக்கும் வரை பிள்ளை பசியாற வேண்டுமே!

நான் முப்பதாண்டுக் காலம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன். அடுக்களைக்கும் எனக்கும் அதுவரை இருந்த உறவு, தட்டில் விழுந்ததை உண்டு எழுவதோடு சரி. தயிருக்கு மாற்று எது என்ற கேள்வி எழுந்தபோதுதான் என் பழைய பாடங்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது. முதலில் மேனாட்டுச் சமையல் நூல்களைப் புரட்டினேன். அவற்றில் மாற்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் 'பட்டர்மில்க்' என்று குறிப்பது நம் மோர் அன்று. வெண்ணெய் கடைந்தபின் எஞ்சும் புளித்த நீருக்கு ஒருகாலத்தில் வழங்கிய பெயர் அது. இன்று கடைகளில் அப்பெயரால் விற்பது, கொழுப்பு நீக்கிய பாலில் நுண்ணுயிர் சேர்த்துக் கெட்டியாகப் புளிக்கவைத்த ஒன்று. அது கிடைக்காவிடில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ ஒரு கோப்பையில் விட்டு, மிச்சத்தைப் பாலால் நிரப்பிப் பத்து நிமிடம் வைத்திருந்து பயன்படுத்து என்கின்றன அந்நூல்கள். அல்லது, முக்கால் கோப்பைத் தயிரில் கால் கோப்பை நீர் கலந்துகொள் என்கின்றன. புளித்த பாலேட்டுக்குப் பதில், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர். எல்லாம் சரியான யோசனைகளே. ஆனால் எல்லாம் பாலைச் சுற்றியே வருகின்றன. வீடு மாற்றுகிறேன் என்று சொல்லி ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் செல்வது போன்றது அது. எங்களுக்கு வேண்டியதோ வேறு ஊர்.

அப்போது ஆல்ஃபிரட் பேர்ட் என்னும் ஆங்கிலேயரின் கதை நினைவுக்கு வந்தது. பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். அவருடைய மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. முட்டையின்றிக் கஸ்டர்ட் உண்டாக்க முயன்று, 1837ஆம் ஆண்டில் சோளமாவைக் கொண்டு அதைச் செய்துகாட்டினார். அவ்வம்மையாருக்கு ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்புவதற்காக 1843இல் அவர் ஆக்கியதுதான் ரொட்டிசோடாவும் ஒரு புளிப்புப் பொருளும் கலந்த உப்பல் மாவு. நாம் இன்று 'பேக்கிங் பவுடர்' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் முன்னோடிகளுள் ஒன்று அது. ஒரு பெண் மற்றவர்களைப்போல் உட்கார்ந்து உண்ணவேண்டும் என்பதற்காகப் பிறந்த சரக்கு, பிறகு உலகமெல்லாம் விலைபோயிற்று. இதை என் மனைவியிடம் சொன்னேன். “அந்த மனிதர் தாமே அடுப்படியில் நின்றாரா, அல்லது பெண்டாட்டிக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனாரா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து நானும் அடுப்படியில் நிற்கலானேன்.

ஒரு பொருளுக்கு மாற்றுத் தேடுமுன் அப்பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று அறியவேண்டும். தயிர் ஒரு சட்டியில் ஒரே வேலையைச் செய்வதில்லை. புளிப்புத் தருகிறது, இறைச்சியின் மேற்பரப்பை இளக்குகிறது, கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்து மசாலாவைக் கறியோடு ஒட்டவைக்கிறது, மிளகாயின் காரத்தைத் தணிக்கிறது. மாவிலோ சோடாவோடு சேர்ந்து காற்றை உண்டாக்குகிறது. ஓரிடத்தில் ஒரு வேலை முதன்மை, மற்றோரிடத்தில் மற்றொன்று. எனவே தயிருக்கு ஒரே மாற்று என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சட்டிக்கும் தனித்தனியாக விசாரணை நடத்தவேண்டியிருந்தது.

பிரியாணியை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு கிலோ கறிக்கு ஏறத்தாழ 200 கிராம் தயிர். நன்கு உறைந்த தயிரில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டிப் புளிப்பமிலம் இருக்கும் என்று கொண்டால், 200 கிராமில் சுமார் இரண்டு கிராம். அதே புளிப்பாற்றல் எலுமிச்சையில் வேண்டுமானால் 30 மில்லிலிட்டர் சாறு போதும். நம் ஊர்ச் சிறு எலுமிச்சம்பழம் இரண்டு. கணக்கு முடிந்துவிட்டது என்று நான் எழுந்தேன். என் மனைவி எழவில்லை. புளிப்புக்குச் சரி, வழுவழுப்புக்கு என்ன வழி என்றாள். அதற்குத் தேங்காய்த் தலைப்பால் என்று அவளே முடிவு செய்தாள். எலுமிச்சையின் புளிப்பு நாக்கில் பட்டவுடன் சுரீரென்று தைக்கும். தயிரின் புளிப்பு மெல்ல வந்து மெல்லப் போகும். இவ்வேறுபாட்டைச் சரிக்கட்டத் தக்காளியைச் சற்றே கூட்டி, வெங்காயத்தை மேலும் சிவக்க வதக்கினாள். பாதிச் சாற்றைக் கறி ஊறும்போதும், மீதியைத் தம் போடுமுன் சோற்றின்மேலும் தெளித்தாள். கறி முற்றலாக இருந்தால் பச்சைப் பப்பாளிக்காயை அரைத்து ஒரு சிறு கரண்டி. அதற்குமேல் போனால் இறைச்சி நாராகப் பிரிந்து கூழாகிவிடும். தலைப்பால் சேர்த்தபின் கொதி ஏறக்கூடாது என்பதைக் கடற்கரை ஊர்ப் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தயிரும் அப்படித்தானே! கடுந்தீயில் இரண்டுமே திரிந்துபோகும். மோர்க்குழம்பில் அரிசியையும் பருப்பையும் ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பதே அந்தத் திரிபைத் தடுக்கத்தான். மாவுச்சத்து புரதத்தை ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகவிடாமல் காக்கிறது.

முதல் பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன், உண்ணும்படி இருந்தது. நான்காவது நன்றாக இருந்தது.

கேக்கு வேறு வகை. அங்கே ருசியைக் காட்டிலும் இரசாயனமே முந்தி நிற்கிறது. ரொட்டிசோடா ஒரு காரம். அமிலத்தைக் கண்டால் கரியமில வாயுவை விடுகிறது. அந்தக் குமிழிகளை மாவு சிறைப்பிடிக்க, அடுப்பின் சூடு அச்சிறையைக் கெட்டியாக்குகிறது. அயர்லாந்து மக்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து செய்துவரும் சோடா ரொட்டியில் ஈஸ்ட் இல்லை. மாவு, உப்பு, சோடா, புளித்த மோர் ஆகிய நான்கே பொருள்கள். நம்மவர் வீட்டில் தயிர் ஊற்றிச் செய்யும் கேக்கும் இதே தத்துவத்தில் நிற்பதுதான். ஒரு கோப்பை மாவுக்குக் கால் தேக்கரண்டி சோடா, அரைக் கோப்பைத் தயிர் என்பது பொதுவான அளவு. தயிரை நீக்கினால் சோடாவுக்கு இணை இல்லாமல் போய்விடுகிறது. இணையற்ற சோடா கேக்கில் தங்கிச் சவர்க்கார நெடியையும் பழுப்பு நிறத்தையும் தரும். நாங்கள் அரைக் கோப்பைத் தேங்காய்ப்பாலில் அரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்தோம். இந்த அளவுச் சாற்றின் அமிலம் தயிரின் அமிலத்தைக் காட்டிலும் குறைவுதான். ஆகவே சோடாவையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வது நல்லது. கலந்தபின் காத்திருக்கவே கூடாது. குமிழி உண்டாகும்போதே அது அடுப்புக்குள் இருக்கவேண்டும். சோயாப்பாலில் எலுமிச்சை பிழிந்தால் அது உண்மையாகவே மோர்போலத் திரிந்து கெட்டியாகிறது. பால் திரிவது கேசினால், சோயா திரிவது தன் சொந்தப் புரதத்தால். கேக்குக்கு அதுவே மேலும் பொருத்தம் என்பது என் கட்சி. தேங்காய் மணம் இல்லாத கேக்கு எதற்கு என்பது என் மகளின் கட்சி. வாக்கெடுப்பில் நான் தோற்றேன்.

இதனிடையே, நிலக்கடலைப் பாலில் தயிர் தோய்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர் நல்லெண்ணத்தோடு, “ஒரு கரண்டி சாதாரணத் தயிரை உறையாக விட்டால் போதும்” என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு கரண்டியில்தானே எங்கள் ஆபத்து முழுவதும் இருக்கிறது! அவருக்கு அது விளங்கவில்லை. நல்லவர்களுக்கு இதை விளங்கவைப்பதுதான் கடினம். 'கொஞ்சம்தானே', 'வாசனைக்குத்தானே' என்ற சொற்களை இந்த ஆறாண்டுகளில் எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருக்கிறோம்! பிறகு, காம்போடு கூடிய பச்சைமிளகாய்களைக் கடலைப்பாலில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் மூடிவைத்துப் பார்த்தோம். மிளகாய்க் காம்பில் தங்கியிருக்கும் நுண்ணுயிர்களே உறையின் வேலையைச் செய்கின்றன. இரவு கழிந்து திறந்தபோது உறைந்துதான் இருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலில் விட, இரண்டாம் நாள் உறைவு முதல்நாளினும் கெட்டியாக அமைந்தது. பச்சை வாடை சிறிது உண்டு. வெங்காயமும் உப்பும் சேர்த்துப் பச்சடியாக்கினால் அது மறைந்துவிடும். பரணிலிருந்து தயிர்ப்பானை இறங்கவில்லை; கடலைத்தயிருக்கென்று புதிதாக ஒரு சட்டி வாங்கினாள் என் மனைவி.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தயிர்ச்சோற்றுக்கு மாற்று இல்லை. கோடை நண்பகலில் பழையசோற்றில் விட்டுக் கரைத்த மோருக்கும் மாற்று இல்லை. அவற்றில் தயிர் ஒரு வேலையைச் செய்துவிட்டு விலகி நிற்பதில்லை, அதுவே உணவு. அத்தகைய இடங்களில் போலி ஒன்றைப் படைத்துப் பிள்ளையை ஏமாற்றுவதைவிட, அவனுக்கு வேறொன்றைப் பிடித்தமாக்குவதே மேல் என்று கண்டோம். நம் முன்னோர் அடுக்களையிலேயே அதற்கு வழி இருந்தது. புளியாணத்தில் பால் இல்லை. மாங்காய் போட்ட தால்ச்சாவில் தயிர் இல்லை. மீன் ஆணத்தின் புளியும் தேங்காயும் பசுவை ஒருநாளும் கேட்டதில்லை. வட்டலப்பத்தின் பால், தேங்காயின் பாலே. கடலோரத்தில் தென்னை அருகே நின்றது. மாடு தொலைவில் நின்றது. அதற்கேற்பவே சமைத்தார்கள். மாற்று என்று நாங்கள் தேடியலைந்தவற்றில் பாதி, மாற்று என்ற பெயரில்லாமலே எங்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் இவ்வளவு ஏற்பாடும் செய்தாயிற்று. வெளியே என்ன செய்வது? பேரனுக்கு நாலு வயதானபோது ஒரு ரொட்டிக்கடையில், பால் சேராத பன் என்று உறுதி சொல்லி விற்றார்கள். மாவில் பால் ஊற்றவில்லை என்பது உண்மைதான். பால்பொடி சேர்த்திருந்தார்கள்! அவர்கள் கணக்கில் பால் வேறு, பால்பொடி வேறு. அன்று மருந்து கையிலிருந்ததால் தடிப்போடு தப்பினான். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் பால் சேர்ந்திருந்தால் அதை ஒவ்வாமைக் குறிப்பாக அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தரும் பன்னில் எந்த எழுத்தைப் படிப்பது?

விருந்துகளோ அதனினும் கடினம். எங்கள் பக்கத்து விருந்தில் சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஒரே தட்டில் உண்பது வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். எங்கள் பேரன் நினைவு தெரிந்த நாள் முதல் எந்தச் சஹனிலும் அமர்ந்ததில்லை. சுவரோரம் தனிப்பாயில், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளின் கைகள் ஒரே தட்டில் போய்வருவதைப் பார்த்தவாறு உண்பான். அழமாட்டான். அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை என்னிடம், “அப்பா, நான் பெரியவனானா சஹன்ல உக்காரலாமா?” என்று மட்டும் கேட்டான்.

சென்ற ஆண்டு அவனுக்குத் தங்கை பிறந்தாள். பெயர் சூட்டும் விருந்துக்கு அறுபது பேரை அழைப்பதென்று முடிவாயிற்று. தேக்சா முழுவதையுமே தயிரும் நெய்யும் இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று என் மகள் சொன்னாள். வீட்டில் சமைத்துப் பார்ப்பது வேறு. ஊருக்குப் போடுவது வேறு. என் மனைவியே தயங்கினாள். “தயிர் இல்லாமல் பிரியாணி போட்டார்கள் என்று நாளைக்கு ஊர் பேசுமே” என்றாள். மகள் மறுமொழி சொல்லவில்லை. சுவரோரத்துப் பாயைப் பார்த்தாள். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

பண்டாரியை அழைத்துப் பேசினோம். எழுபதைத் தொட்டவர், எங்கள் ஊரில் மூன்று தலைமுறைத் திருமணங்களுக்குத் தீ மூட்டியவர். என் கணக்குத்தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். எலுமிச்சை எத்தனை, தேங்காய் எத்தனை என்பதை அவரே சொன்னார். என் கணக்கிலிருந்து அது அதிகம் விலகவில்லை. அதன்பின் அவர் கேட்டவைதாம் என்னை வியக்கவைத்தன. அகப்பைகள் புதியனவா? அண்டா யார் வீட்டிலிருந்து வருகிறது, அதில் கடைசியாக என்ன காய்ச்சினார்கள்? வெங்காயம் பொரிக்கும் எண்ணெய் புதிதுதானே? பச்சடிக்குக் கடலைத்தயிர் என்றால் பரிமாறுகிறவன் வெளியிலிருந்து தயிர்வாளி எதையும் உள்ளே கொண்டுவராமல் யார் காவல்? பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் நான் மாணவர்களுக்குத் தொண்டை வறளச் சொன்ன சுத்தம் அனைத்தையும் அந்த மனிதர் ஒரு பீடி அணைவதற்குள் கேட்டு முடித்தார். அண்டாவை அவர் கண்முன்னே மூன்றுமுறை தேய்த்துக் கழுவினார்கள்.

விருந்தன்று பேரன் என்னருகே அமர்ந்தான். எதிரே அவன் வாப்பாவும் மாமாவும். சோற்றில் கைவைக்குமுன் என் முகத்தையும் தன் வாப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் பக்கத்துச் சோற்றை விட்டுவிட்டு, என் பக்கத்திலிருந்த கறித்துண்டை எடுத்துக்கொண்டான். சஹனில் அது முறையன்று. அன்று அவனைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துச் சஹனிலிருந்த முதியவர் ஒருவர், இந்த எலுமிச்சைப் புளிப்பு பழையகால விருந்தை நினைவூட்டுகிறது என்று சொல்லி மறுசோறு கேட்டார். பந்தலின் மறுகோடியிலிருந்த இன்னொருவரோ, நெய் மணம் இல்லாதது என்ன பிரியாணி என்று முணுமுணுத்தாராம். அவரும் மறுசோறு வாங்கியதாகப் பண்டாரி சொன்னார்.

இப்போது ஜூன் மாதம் நெருங்குகிறது. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். வகுப்பாசிரியைக்குக் கொடுக்க ஒரு தாள் எழுதித் தரும்படி மகள் கேட்டாள். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி, பால்பொடி, பால் சேர்ந்த மிட்டாய் என்று வரிசையாக எழுதினேன். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகள் இனிப்புக் கொண்டுவரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் கேக்கு வகுப்பு முழுமைக்கும் அனுப்புவோம் என்று என் மனைவி கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்களே என்றேன். “அப்படியானால் தேங்காய் ஆறு வேண்டும்” என்று கணக்குச் சொல்லிவிட்டு, உலையைப் பார்க்க உள்ளே போனாள்.